கார் உட்பாகப் பூச்சுகள்: உரிதல், உப்புதல், பிசுபிசுத்தல்

காருக்குள் கைபடும் இடங்களில் வெறும் பிளாஸ்டிக்காக இருப்பவை குறைவு. கதவுக் கைப்பிடியின் உட்குழி, ஜன்னல் சுவிட்ச் பலகை, ஏசி குமிழைச் சுற்றிய வளையம், கியர் நாப், ஸ்டீயரிங், டேஷ்போர்டின் மேற்பரப்பு என எல்லாவற்றிலும் பிளாஸ்டிக்கின் மேல் ஏறிய ஒரு பூச்சோ, ஒட்டிய ஒரு தோலோ, ஒரு முலாமோதான் விரலில் படுகிறது. இந்தப் பூச்சு பெரும்பாலும் ஒரு தலைமுடியின் பருமனைத் தாண்டாது. வண்டி வாங்கி ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அது கெடும்போதுதான் அப்படி ஒன்று இருந்ததே உரிமையாளருக்குத் தெரியவருகிறது.

கெடும் விதம் ஒன்றல்ல. தேனி, சின்னமனூர், கம்பம் பக்கத்துப் பட்டறைகளுக்கு வரும் புகார்கள் மூன்று வாசகங்களில் அடங்கும்: "பிசுபிசுன்னு ஒட்டுது", "தோல் உரியுது", "உப்பி நிக்குது". மூன்றுக்கும் மருந்தாக ஒரே தின்னர் டப்பாவை எடுப்பது வழக்கம். ஆனால் பிசுபிசுப்பு என்பது பூச்சின் வேதிக்கட்டே சிதைவது. உரிதல், பூச்சு நல்ல நிலையில் இருந்தும் அடியிலுள்ள பிளாஸ்டிக்கை விட்டு விலகுவது. உப்புதல் பெரும்பாலும் பசையின் தோல்வி. எந்த நோய் என்று பிரித்துப் பார்க்காமல் செய்யும் வேலை ஆறு மாதம்கூடத் தாங்குவதில்லை.

பழைய வண்டிகளில் இந்தத் தொல்லை கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கிப் பக்கம் ஏறும் பழைய ஜீப்புகளின் டேஷ்போர்டு இரும்புத் தகடு. அதன் மேல் அடித்த பெயின்ட் உதிர்ந்தால் துரு பிடிக்கும், அவ்வளவுதான். அம்பாசடரிலும் ரெக்சின் தைத்த இருக்கையும் ஹார்டுபோர்டு கதவு அட்டையுமே இருந்தன. 1983 இறுதியில் வந்த மாருதி 800 வார்த்த பிளாஸ்டிக் டேஷ்போர்டை நடுத்தரக் குடும்பத்துக்கு அறிமுகப்படுத்தியது. அந்தப் பிளாஸ்டிக்குக்கு நிறம் அதன் உடம்பிலேயே இருந்தது. மேலே பூச்சு இல்லை. தட்டினால் டொக்கென்று சத்தம் வரும், பார்வைக்கு மலிவாகத் தெரியும், ஆனால் உரிவதற்கு எதுவும் இல்லை.

பூச்சு வந்ததே அந்த மலிவுத் தோற்றத்தை மறைக்கத்தான். 1990-களில் ஐரோப்பிய, ஜப்பானிய நிறுவனங்கள் உட்புறப் பிளாஸ்டிக்குகளுக்கு மேல் ரப்பர்போல மெத்தென்றிருக்கும் மங்கலான பூச்சை அடிக்கத் தொடங்கின. அந்தப் பூச்சு ஏறிய சாதாரண ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைத் தொட்டால் வெல்வெட்டைத் தொட்டதுபோல இருக்கும். வார்ப்பில் விழுந்த குறைகளும் மறையும். கண்ணாடியில் வெளிச்சம் தெறிப்பதும் குறையும். 1997-இல் வந்த நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் இந்த மென்தொடு பூச்சுக்குப் பேர்போனது. சில ஆண்டுகளில் அதன் கைப்பிடிகளில் பூச்சு உரிந்ததற்கும் அதே அளவு பேர்போனது. ஃபெராரி கார்களின் பொத்தான்கள் பிசுபிசுப்பது உலகறிந்த கதை. அவற்றைச் சுத்தம் செய்து கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட பட்டறைகள் வெளிநாடுகளில் இருக்கின்றன. விலைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

மென்தொடு பூச்சின் அடிப்படை பாலியூரிதேன். 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசெனில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த இந்தப் பொருள் இரண்டு திரவங்கள் கலந்து உருவாவது: ஒன்று ஐசோசயனேட், மற்றது பாலியால். எந்தப் பாலியால் என்பதில்தான் பூச்சின் ஆயுள் இருக்கிறது. எஸ்டர் வகைப் பாலியால் மலிவு, நல்ல மென்மை தரும், எண்ணெயையும் ஓரளவு தாங்கும். ஆனால் எஸ்டர் பிணைப்பைத் தண்ணீர் வெட்டும். வெட்டும்போது ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் பிறக்கின்றன. பிறந்த அமிலம் அடுத்த பிணைப்பு வெட்டப்படுவதை விரைவாக்குகிறது. அதனால்தான் நான்கைந்து ஆண்டுகள் ஒன்றும் தெரியாமல் இருந்த பூச்சு, தொடங்கியபின் ஒரே மழைக்காலத்தில் கூழாகிறது. நீளமான சங்கிலிகள் துண்டு துண்டாகி, திடப்பொருளாக இருந்தது கோந்தாக மாறுகிறது. விரல் வைத்தால் ரேகை பதியும், தூசு ஒட்டும், நகத்தால் சுரண்டினால் கறுப்பு மெழுகுபோல் சுருண்டு வரும்.

இதே வேதிவினையைத் தமிழ்நாட்டு வீடுகளில் பலரும் வேறு உருவில் பார்த்திருப்பார்கள். கல்யாணத்துக்கு ஒருமுறை போட்டுப் பெட்டியோடு பீரோவில் வைத்த ஷூவை மூன்று வருடம் கழித்து எடுத்துப் போட்டால் அடிப்பாகம் கேக் துண்டுபோல உதிரும். செயற்கைத்தோல் சோஃபாவின் கைவைக்கும் இடம் செதில் செதிலாக உரியும். பயன்படுத்தாமல் வைத்திருந்த பொருள் எப்படிக் கெட்டது என்று வியப்பார்கள். பயன்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. காற்றிலுள்ள ஈரமே போதும். ஈத்தர் வகைப் பாலியாலைத் தண்ணீர் இப்படி வெட்டாது, ஆனால் வெளிச்சமும் ஆக்சிஜனும் அதைத் தாக்கும். இரண்டையும் தாங்குவது பாலிகார்பனேட் வகைப் பாலியால், விலை கூடுதல். எஸ்டர் வகையிலேயே அமிலத்தை உறிஞ்சும் கார்போடைஇமைடு என்ற கூட்டுப்பொருளைச் சேர்த்தும் ஆயுளை நீட்டலாம். ஆக, ஒரு கைப்பிடி பத்தாண்டு தாங்குமா ஐந்தாண்டு தாங்குமா என்பதைப் பெரும்பகுதி முடிவு செய்வது உதிரிபாகம் வாங்கும் அதிகாரி எந்த வாளியைத் தேர்ந்தெடுத்தார் என்பதே. உரிமையாளர் துடைத்தாரா இல்லையா என்பது அடுத்த கணக்கு.

இதைச் சோதிக்க வழி இல்லாமல் இல்லை. 70 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 95 சதவீத ஈரப்பதமும் கொண்ட பெட்டிக்குள் மாதிரியை வாரக்கணக்கில் வைத்திருப்பார்கள். தொழிலில் இதற்குக் காட்டுச் சோதனை என்று பெயர். பூச்சுத் துணிகளுக்கான ஐஎஸ்ஓ 1419 தரநிலையிலும் இத்தகைய வெப்பமண்டலச் சோதனை உண்டு. மாதிரி பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் பூச்சின் மேல் சதுரக் கட்டம் கீறுவார்கள்: ஒரு பக்கம் ஆறு கீறல், குறுக்கே ஆறு கீறல். அதன் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி, சட்டென்று இழுப்பார்கள். ஐஎஸ்ஓ 2409 முறைப்படி ஒரு கட்டமும் பெயராவிட்டால் மதிப்பெண் 0. 65 சதவீதத்துக்கு மேல் பெயர்ந்து தரமே காண முடியாத நிலைக்குப் போனால் 5. பள்ளிக்கூட மதிப்பெண்ணுக்கு நேர்மாறான கணக்கு.

பூச்சு கெடாமலே உரிவதற்குக் காரணம் அடிப்பாகத்தில் இருக்கிறது. உட்புற உறுப்புகளில் பெரும்பங்கு பாலிப்ரொப்பிலீன். மலிவானது, எடை குறைந்தது, ஆனால் எதுவும் ஒட்டாத மேற்பரப்பு. தாமரை இலையில் தண்ணீர்போலப் பெயின்ட் அதன்மேல் உருண்டு நிற்கப் பார்க்கும். அதனால் பெயின்ட் அடிக்குமுன் அதன் மேற்பரப்பைத் தீச்சுவாலையாலோ பிளாஸ்மாவாலோ ஒரு கணம் தடவ வேண்டும். அல்லது குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் அடங்கிய ப்ரைமரை அடிக்க வேண்டும். அச்சிலிருந்து உறுப்பு எளிதாகக் கழன்றுவரத் தெளிக்கும் சிலிக்கோன் துளி ஒன்று ஒட்டியிருந்தாலே போதும், அந்த இடத்தில் பூச்சு வெறுமனே உட்கார்ந்திருக்கும். ஏபிஎஸ், பாலிகார்பனேட் கலந்த ஏபிஎஸ் ஆகியவை இவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. ஆகவே ஒரே காரில், ஒரே நிறத்தில், அருகருகே இருக்கும் இரண்டு உறுப்புகளில் ஒன்று உரிந்து மற்றது புதுசாக இருந்தால் அதில் மாயம் ஒன்றுமில்லை. இவ்வகை உரிதல் பாம்பு சட்டை கழற்றுவதுபோலப் பெரிய பெரிய தாள்களாக வரும். உரிந்த தாளின் பின்பக்கம் காய்ந்து வழவழப்பாக இருக்கும். பிசுபிசுப்பு இருக்காது. நோயைப் பிரித்தறிய இந்த ஒரு குறி போதும்.

கம்பம் பள்ளத்தாக்கும் மேகமலையும் இந்த இரண்டு நோய்களுக்கும் சேர்த்து ஒரு சோதனைக்கூடம் வைத்ததுபோல அமைந்திருக்கின்றன. சின்னமனூர் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடப்பது. சித்திரை வெயிலில் சாலையோரம் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் கைவைக்க முடியாது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட அளவீட்டில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் எட்டியது. ஸ்டீயரிங் 53 டிகிரி. நிழலில் நின்றவற்றில் டேஷ்போர்டு 48 டிகிரியோடு நின்றது. அரிசோனா வெயில் கம்பத்து வெயிலைவிடக் கடுமையானது என்றாலும், நிழலுக்கும் வெயிலுக்கும் உள்ள 20 டிகிரி வித்தியாசம் இங்கேயும் பொருந்தக்கூடியது. வேதிவினைகள் பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இருமடங்கு வேகம் பெறும் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் புளியமரத்தடியில் நிறுத்துவதற்கும் வெட்டவெளியில் நிறுத்துவதற்கும் நான்கு மடங்கு வித்தியாசம்.

அதே கார் தென்பழனி சோதனைச்சாவடியைத் தாண்டிப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1500 மீட்டர் உயரத்திலுள்ள மேகமலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, மேகத்துக்குள் நிற்கும். தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் நாட்களில் மணலாறு, இரவங்கலாறு பக்கம் துணி காய்வதே அரிது. இரவில் கார்க் கண்ணாடியின் உட்புறமும் பனித்து வழியும். சமவெளியில் காய்ந்த வெப்பம், மலையில் ஊறும் ஈரம். இரண்டும் ஒரே பூச்சின்மேல் மாறி மாறி ஏறுகின்றன.

ஆனால் மேகத்துக்குள் நின்றதாலேயே பூச்சு கூழாகிவிடும் என்று சொல்வது அவசரம். 15 டிகிரியில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 13 கிராம் நீராவிதான் தாங்கும். அந்தக் காற்றையே கண்ணாடிக்குள் அடைத்துச் சமவெளிக்கு இறக்கி 45 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 20 சதவீதம் அளவுக்கு விழுந்துவிடும். சூடான கார் உண்மையில் வறண்ட கார். ஈரத்தை உள்ளே தங்கவைப்பது காற்று அல்ல, தரைவிரிப்பு. சின்னக் கார் ஒன்றின் உட்புறம் மூன்று கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 45 டிகிரியில் அதை முழு ஈரத்தில் நிறைக்கத் தேவைப்படும் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம், அதாவது ஒரு தம்ளர். மழையில் நனைந்த நான்கு ஜோடிச் செருப்பும் ஒரு குடையும் காலடி விரிப்பில் இறக்கிவிட்டுப் போகும் தண்ணீர் அதைவிடக் கூடுதல். ஜன்னலை ஏற்றிப் பூட்டிவிட்டு மறுநாள் சமவெளி வெயிலில் நிறுத்தினால் காட்டுச் சோதனைப் பெட்டியின் சின்ன நகல் தயார். கெட்டுப்போன பூச்சுகளில் கால்பக்கத்துக் கதவு அறைகளும் கீழ்ப்பகுதிகளும் முந்திக்கொள்வதைக் காணும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம்.

மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்துவிட்டு, டேஷ்போர்டு தோலும் அதனால்தான் உப்புகிறது என்று சொல்வோர் உண்டு. சின்னமனூரிலிருந்து மேகமலை வரை காற்றழுத்தம் சுமார் எட்டில் ஒரு பங்கு குறைகிறது என்பது சரி. பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று அதனால் விரிகிறது. ஆனால் தோலுக்கு அடியில் காற்று நுழைந்து தங்கியிருந்தால்தான் அது விரிய முடியும். அந்த இடத்தில் பசை ஏற்கெனவே விட்டிருக்க வேண்டும். இருந்த உப்பலை மலை காட்டிக்கொடுக்கிறது, உண்டாக்குவதில்லை.

வெயிலின் இன்னொரு பங்கு புற ஊதாக் கதிர். முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது என்பதால் அது புற ஊதாவைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். பக்கவாட்டுக் கண்ணாடிகள் அப்படியல்ல. எனவே டேஷ்போர்டைக் கெடுப்பது முக்கியமாக வெப்பம், கதவின் மேல்விளிம்பைக் கெடுப்பது வெப்பமும் கதிரும் சேர்ந்து. கறுப்புப் படலம் ஒட்டித் தப்பிக்கும் வழியை 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் அடைத்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்ற மோட்டார் வாகன விதியைக் கண்டிப்பாக்கிய தீர்ப்பு அது.

கைகள் கொண்டுவருபவை தனிக் கணக்கு. தேங்காய் எண்ணெய் தடவிய தலையும் அதைக் கோதிய கையும் ஸ்டீயரிங்கிலும் தலைசாய்ப்பிலும் படாத நாளில்லை. எண்ணெய் மெல்லப் பூச்சுக்குள் ஊறி அதை இளக்கும். 2020-க்குப் பின் எல்லா வாடகைக் கார்களிலும் இடம்பிடித்த கைக்கிருமிநாசினியில் எழுபது சதவீத அளவுக்கு ஆல்கஹால். ஈரக் கையோடு கியரைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் பூச்சின்மேல் ஒரு கரைப்பான் தடவல் நடக்கிறது. சன்ஸ்கிரீன் களிம்பும் டீட் கலந்த கொசுவிரட்டியும் உட்புறப் பிளாஸ்டிக்குக்கு எவ்வளவு கொடியவை என்பதைத் தயாரிப்பாளர்கள் அறிவார்கள். அதற்கென்றே சோதனைகள் வைத்திருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்துக்கே உரியவையும் சில உண்டு. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் கம்பம், குமுளி வழியாக நாள் முழுக்க ஓடும். கசிந்த நெய்த்தேங்காய், டேஷ்போர்டில் வைத்த கற்பூரம், சந்தனம் எல்லாம் அந்தப் பயணத்தின் பகுதி. கற்பூரத்தைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. செல்லுலாய்டு என்ற முதல் பிளாஸ்டிக்கை இளக்கப் பயன்பட்ட பொருளே அதுதான். ஆயுத பூஜையன்று ஸ்டீயரிங்கில் வைத்த மஞ்சளும் குங்குமமும் வெளிர்நிறப் பூச்சில் கறையாக நிலைத்துவிடும். டேஷ்போர்டில் இருபுறப் பசைநாடாவால் ஒட்டிய பிள்ளையாரை வண்டி விற்கும்போது பெயர்த்தால், அவருடைய பீடத்தின் அளவுக்குப் பூச்சும் கூடவே வரும். திராட்சை, ஏலக்காய் விவசாயிகளின் கார்களில் இன்னொரு ஆபத்து பூச்சிமருந்துப் பாட்டில். நீரில் பால்போலக் கலக்கும் மருந்துகள் பலவற்றில் சைலீன் போன்ற கரைப்பான்கள் இருப்பதால், மூடி சரியாக இல்லாத ஒரு பாட்டில் கதவு அறையின் பூச்சைச் சில மணி நேரத்தில் கரைத்துவிடும். திரவ வாசனைப் புட்டிகள் கவிழ்ந்தாலும் இதே கதி.

உப்புதலுக்கு வருவோம். கதவு உள்பலகையைப் பட்டறைகளில் டோர் பேட் என்பார்கள். அதன் நடுவில் துணியோ ரெக்சினோ பசையால் ஒட்டப்பட்டிருக்கும். கதவின் கண்ணாடி இறங்கும் பிளவிலிருக்கும் பீடிங் ரப்பர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் மழைநீர் கொஞ்சம் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது கதவின் அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேறும்படி வடிவமைத்திருக்கிறார்கள். இறங்கும் நீர் டோர் பேடின் முதுகில் படாமலிருக்க நடுவில் ஒரு பாலித்தீன் தாள் கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பவர் விண்டோ பழுது, ஸ்பீக்கர் மாற்றம், லாக் ரிப்பேர் என்று எதற்காகவோ கதவைத் திறக்கும் கைகள் அந்தத் தாளைக் கிழித்தெறிந்துவிடும். வேலை முடிந்தபின் தாள் இல்லாதது யாருக்கும் தெரியாது. அடுத்த ஐப்பசி மழையில் பலகையின் பின்புறம் ஊறும், பசை விடும், துணி உப்பும். டோர் பேட் உப்பிய காரில் அதற்கு முந்தைய ஓராண்டில் கதவு திறக்கப்பட்டதா என்று கேட்பது நல்ல மெக்கானிக்கின் முதல் கேள்வி.

மேற்கூரையின் டாப் லைனிங் தொங்குவது இதற்கு உறவு என்றாலும் உள்வேலை வேறு. அங்கே துணிக்கும் அட்டைக்கும் நடுவே மெல்லிய பாலியூரிதேன் பஞ்சு இருக்கிறது. வெப்பத்திலும் ஈரத்திலும் அந்தப் பஞ்சே பழுப்புத் தூளாகிவிடும். துணி பிடிக்க இடமில்லாமல் பந்தல்போலத் தொங்கும். குண்டூசி குத்தியும் புதுப் பசை தெளித்தும் பார்ப்பவர்கள் தூளின்மேல் பசை ஒட்டாது என்பதை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். அட்டையை வெளியே எடுத்து, தூளை முழுக்கத் தேய்த்து நீக்கி, பஞ்சோடு கூடிய புதுத் துணி ஒட்டுவதே வழி.

குரோம் முலாம் உப்புவது வேறொரு கதை, கொஞ்சம் ஆபத்தானதும்கூட. உட்புறக் கைப்பிடியில் மின்னுவது முழு உலோகம் அல்ல; ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் மேல் செம்பு, நிக்கல், குரோமியம் என்று மூன்று படிவாக ஏற்றிய முலாம். முதலில் அமிலத்தால் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் நுண்குழிகள் அரிக்கப்படும். அக்குழிகளில் வேர்பிடித்துத்தான் உலோகம் நிற்கிறது. சூட்டில் ஏபிஎஸ் விரியும் அளவு குரோமியத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். இடையிலுள்ள மென்மையான செம்பு அந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும் வரை சரி. குழிகள் ஆழமாக விழாத இடத்தில் முலாம் கொப்புளித்து வெடிக்கும். வெடித்த விளிம்பு பிளேடுபோல விரலைக் கிழிக்கும். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது, உறுப்பை மாற்றுவதுதான்.

ரெக்சின் என்று பொதுவில் சொல்லப்படுவது இன்று பெரும்பாலும் பிவிசி பூசிய துணி. அது பிசுபிசுப்பதைவிட இறுகி வெடிப்பதே வழக்கம். அதற்கு மென்மை தந்த இளக்கி எண்ணெய் வெயிலில் ஆவியாகி வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்க வரும் மங்கலான எண்ணெய்ப் படலத்தில் பெரும்பங்கு அதுதான். ஆனால் ஃப்ளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த அமெரிக்கப் பகுதிகளில் டொயோட்டா, மாஸ்டா, நிசான் கார்கள் சிலவற்றின் டேஷ்போர்டு தோல் முழுவதுமே பளபளத்துப் பிசுபிசுத்தது. வெளிச்சம் கண்ணாடியில் தெறித்து ஓட்டுநரின் கண் கூசியது என்று உரிமையாளர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். டொயோட்டாவும் மாஸ்டாவும் அத்தகைய மாடல்களுக்கு உத்தரவாதத்தை நீட்டித்தன.

சரிசெய்யும் முறைகளில் பெரிதும் பயன்படுவது, கெட்ட மென்தொடு பூச்சை முழுதாக நீக்கிவிடுவது. உறுப்பைக் கழற்றி, பருத்தித் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஊற்றிப் பூச்சின்மேல் சில நிமிடம் போர்த்திவைக்க வேண்டும். செல்போன் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்ற பெயரில் பலகைகளைத் துடைக்க வைத்திருக்கும் அதே திரவம்தான். ஊறியபின் துணியால் அழுத்தித் தேய்த்தால் கறுப்புக் கூழ் துணியில் ஏறும். முதல் துணி இரண்டு நிமிடத்தில் தார்போலாகிவிடும். சின்னக் கைப்பிடி ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து துணிகள் ஆகும். மூலைகளுக்குப் பழைய பல்துலக்கி. சுவிட்சைச் சுற்றிய பூச்சானால் உள்ளே வடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் வெளிப்படும். பெரும்பாலும் அது அழகான கறுப்பாகவே இருக்கும். பூச்சு எதற்கு அடித்தார்கள் என்றுகூடத் தோன்றும். வெளிர்நிறப் பூச்சுக்கு அடியில் வேறு நிறம் இருந்தாலோ, எழுத்துகளும் குறிகளும் பூச்சிலேயே செதுக்கப்பட்டிருந்தாலோ இந்த வழி உதவாது. ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் மூடிய காருக்குள் இந்த வேலை கூடாது.

பட்டறைகளில் கைக்கெட்டும் தூரத்திலிருக்கும் தின்னரை எடுப்பது பெரும் பிழை. டொலுவீன், அசிட்டோன் போன்றவை கலந்த தின்னர், பூச்சோடு சேர்த்து ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். பாலிகார்பனேட் கலந்த உறுப்பில் உடனே தெரியாத மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கி, கொக்கிகளை ஒரு மாதம் கழித்து முறியவைக்கும்.

மறுபடி பெயின்ட் அடிப்பதென்றால் பழைய பூச்சு ஒரு துளியும் மிஞ்சக் கூடாது. மிஞ்சிய இடத்தில் அமிலம் மிஞ்சியிருக்கிறது. அதன்மேல் பிளாஸ்டிக் ப்ரைமர், பின் நிறம், பின் மங்கலான இருகூறு கிளியர் என்று போக வேண்டும். கிளியரில் ஐசோசயனேட் இருப்பதால் கைக்குட்டை கட்டிக்கொண்டு தெளிப்பது பாதுகாப்பு ஆகாது. உரிய முகமூடி வேண்டும். டேஷ்போர்டு பாலிஷ் வருடக்கணக்கில் போட்ட உறுப்பில் சிலிக்கோன் ஊறியிருக்கும், புதுப் பெயின்ட் மீன்கண்போலக் குழிவிழும். கார்பன் ஃபைபர் ஸ்டிக்கர் மலிவான மாற்று. ஹீட் கன் வைத்து ஒட்டிய அன்று அருமையாக இருக்கும், ஆனால் கூர்முனைகளில் ஒரு கோடையிலேயே விளிம்பு எழும்பிவிடும்.

குஷன் கடைகளில் டேஷ்போர்டு முழுவதையும் ரெக்சின் தைத்துப் போர்த்தித் தருகிறார்கள். ஆம்னி, ஜீப் காலத்தில் தவறில்லாத வேலை அது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பை கட்டாயம். 2021 ஏப்ரல் முதல் புது மாடல்களுக்கும், அவ்வாண்டு இறுதிக்குப்பின் எல்லா மாடல்களுக்கும், முன்பயணி பக்கத்துக்கும் கட்டாயம். முன்பயணியின் பை டேஷ்போர்டு தோலுக்கு அடியில் மறைந்த ஒரு மெல்லிய தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அந்த இடத்தின்மேல் பசை தடவி ரெக்சின் இறுக்கினால், கிழிய வேண்டிய வேளையில் கிழியாது. டேஷ்போர்டு தோல் கெட்டுப்போன நவீனக் காருக்கு உறுப்பையே மாற்றுவது செலவு கூடியதானாலும் மாற்றுவழி இல்லாதது.

பசை வேலைகளில் எஸ்.ஆர். பசை என்று கடைகளில் கேட்டு வாங்கும் செயற்கை ரப்பர் பசையே பரவலாகப் புழங்குகிறது. இருபுறமும் தடவி, தொட்டால் ஒட்டாத அளவு காயவிட்டு, பின் அழுத்த வேண்டும். அவசரத்தில் ஈரமாக ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிறைப்பட்டு, முதல் வெயிலிலேயே ஆவியாகிக் கொப்புளம் போடும். இரண்டு நாளில் மறுபடி உப்பும் டோர் பேட்களில் பல இப்படித்தான்.

தடுக்கும் வழிகள் சொற்பம். நிழல், முன்கண்ணாடிக்கு மடக்குத் திரை, நனைந்த விரிப்பை வெளியே எடுத்து உலர்த்துதல், மலையிலிருந்து இறங்கியதும் ஒரு மணி நேரம் நான்கு கதவுகளையும் திறந்துவைத்தல். துடைக்க ஈரத்துணியும் தேவைப்பட்டால் துளி சோப்பும் போதும். வாட்டர் சர்வீஸ் நிலையங்களில் கடைசியாகப் பூசும் பளபளப்பு எண்ணெய் பூச்சின் ஆயுளைக் கூட்டுவதில்லை.

சட்டத்தின் கை இங்கே கொஞ்சம் குட்டை. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சேர்த்த 110ஏ பிரிவு, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் சுற்றுச்சூழலுக்கோ ஓட்டுநர், பயணிகள், சாலையில் செல்வோர் ஆகியோருக்கோ தீங்கு தரும் குறைபாடுகளுக்குத்தான் அது. கைப்பிடி பிசுபிசுப்பது அந்த வரையறைக்குள் வராது. உத்தரவாத அட்டைகளும் உட்புறத் தேய்மானத்தையும் நிறம் மாறுவதையும் பெரும்பாலும் விலக்கிவைக்கின்றன. மிஞ்சுவது 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். குறை தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். நான்கைந்து ஆண்டு கழித்துத் தலைகாட்டும் எஸ்டர் நோயைத் தயாரிப்பின்போதே இருந்த குறை என்று நிறுவ வேண்டிய பாரம் முறையிடுபவர்மேல் விழுகிறது. ஒரே மாடலில் பலருக்கும் ஒரே இடத்தில் வந்திருப்பதைக் காட்டும் படங்களும், கெட்ட பூச்சைப் பற்றிச் சர்வீஸ் நிலையம் எழுதிக்கொடுத்த ஜாப் கார்டும் அங்கே உதவக்கூடியவை. தோலை உரித்தெடுத்துவிட்டுப் போனால் சான்றும் கூடவே போய்விடும்.

பழைய கார் வாங்குபவர்கள் இந்த நோயை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். டேஷ்போர்டின் நடுவைத் தொட வேண்டியதில்லை. விற்பவர் அதைப் பாலிஷ் போட்டுத் துடைத்திருப்பார். கதவுக் கைப்பிடியின் உட்குழியில் விரல் நுழைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். துடைக்கும் துணி போகாத இடம் அது. கையுறைப் பெட்டி மூடியின் உள்விளிம்பு, பின் இருக்கைப் பக்கத்து ஜன்னல் சுவிட்ச் ஆகியவை அடுத்து. வெள்ளைத் துணியில் ஒரு துளி ஆல்கஹால் தொட்டு அங்கே லேசாகத் தேய்த்தால், நல்ல பூச்சு துணியை அழுக்காக்காது. வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும் பூச்சு இரண்டாவது தேய்ப்பிலேயே கறுப்பாக இறங்கும்.